லண்டன்ல ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் புதுசா வந்தவங்களுக்கு: சிக் நோட்டுக்கு காசு கட்டாதீங்க

ரெண்டு நாள் காய்ச்சல்னு லீவ் சொன்னா மேனேஜர் டாக்டர் நோட் கேக்குறார், ஜிபி (நம்ம ஏரியா டாக்டர்) கிட்ட அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மாட்டேங்குது, ஆன்லைன்ல காசு கட்டி ஒண்ணு வாங்கிடட்டுமான்னு கேர் ஹோம்லயும் வேர்ஹவுஸ்லயும் வேலை பாக்குற நம்ம புள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. வேண்டாம்பா. இங்கிலாந்துல முதல் 7 நாளுக்கு டாக்டர் நோட்டே தேவையில்ல, எனக்கு உடம்பு சரியில்லன்னு நீங்களே எழுதிக் குடுத்தா போதும், அதுக்குப் பேரு செல்ஃப் சர்டிஃபிகேட். கம்பெனில ஃபார்ம் இல்லன்னா கவர்மென்ட் சைட்ல எஸ்சி2ன்னு ஒரு ஃபார்ம் இருக்கு, அதை நிரப்பிக் குடுங்க. அந்த 7 நாள்ல சனி ஞாயிறு, உங்க வீக் ஆஃப் எல்லாமே சேரும், அதை மட்டும் கவனமா எண்ணிக்கோங்க. அதுக்குள்ளயே நோட் வேணும்னு மேனேஜர் ஒத்தக்கால்ல நின்னா, ஜிபி இதுக்கு நோட் தர மாட்டாங்க, பிரைவேட்ல வாங்கணும்னா கம்பெனி செலவுல வாங்கித் தாங்கன்னு மரியாதையா ஈமெயில்ல எழுதுங்க. வாய்ல சொல்றதோட விட்டுடாதீங்க.

7 நாளைத் தாண்டினாதான் டாக்டர் நோட், இங்க அதுக்குப் பேரு ஃபிட் நோட். அது என்ஹெச்எஸ்ல (இங்க கவர்மென்ட் மருத்துவ சேவை) ஃப்ரீ, விசா எடுக்கும்போதே ஹெல்த் சர்சார்ஜ்னு கட்டிட்டுத்தானே வந்திருக்கீங்க (கேர் விசாக்காரங்களுக்கு அதுவும் கிடையாது). நேர்ல போய் உக்காந்துதான் வாங்கணும்னும் இல்ல, போன்ல பேசியே தரலாம், 2022லிருந்து கையெழுத்துகூட டிஜிட்டல்தான், மெசேஜ்ல லிங்க்கா வந்துடும். அதே வருஷம் ஜூலைலிருந்து நர்ஸ், பார்மசிஸ்ட், பிசியோ இவங்களும் தரலாம், அதனால டாக்டரையே பாக்கணும்னு அடம்பிடிக்காதீங்க, யார் ஃப்ரீயோ அவங்க தரட்டும்.

நம்ம ஏரியால உண்மையான தலைவலி ஜிபிக்குள்ள நுழையறதுதான். நியூஹாம், பார்க்கிங் (Barking) பக்கம்லாம் ஜனம் ஜாஸ்தி, டாக்டர் கம்மி, காலைல 8 மணிக்கு போன் போட்டா க்யூலயே அரை மணி நேரம் போயிடும். போனை விடுங்க. 2025 அக்டோபர் 1லிருந்து இங்க எல்லா சர்ஜரியும் (ஜிபியோட கிளினிக்கைத்தான் அப்படிச் சொல்றாங்க) வார நாள்ல காலை 8லிருந்து சாயந்தரம் 6:30 வரைக்கும் ஆன்லைன் ஃபார்மைத் திறந்து வெச்சிருக்கணும். என்ஹெச்எஸ் ஆப்லயோ சர்ஜரியோட சைட்லயோ போய் எழுதுங்க. சும்மா "ஃபீவர், நீட் நோட்"னு போட்டா மறுபடி கேள்வி கேட்டு மெசேஜ் அனுப்பி அதுலயே ரெண்டு நாள் ஓடிடும். இப்படி எழுதுங்க: எந்தத் தேதிலிருந்து முடியல, என்ன வேலை பாக்குறீங்க, அதுல எது செய்ய முடியல, எந்தத் தேதிலிருந்து நோட் வேணும். உதாரணத்துக்கு, "கேர் ஹோம்ல ஆளுங்களைத் தூக்கி மாத்தற வேலை, திங்கக்கிழமைலிருந்து இடுப்பு வலி, குனிய முடியல, பாராசிட்டமால் போட்டும் குறையல." இங்கிலீஷ்ல பேசத் தயக்கமா இருந்தா தமிழ் இன்டர்பிரெட்டர் வேணும்னு அதுலயே எழுதுங்க, அதுக்கும் காசு கிடையாது. ஆனா நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்னா ஃபார்ம் நிரப்பிட்டு உக்காந்திருக்கக் கூடாது, நேரா 999க்கு (அவசர ஆம்புலன்ஸ்) போன் போடுங்க.

இதெல்லாம் நடக்கணும்னா முதல்ல ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும், உடம்பு நல்லா இருக்கும்போதே பண்ணிடுங்க. நிறைய பேரு ஷேரிங் ரூம்ல இருக்காங்க, அக்ரிமென்ட் கிடையாது, கரண்ட் பில் வீட்டுக்காரர் பேர்ல, ரிசப்ஷன்ல அட்ரஸ் புரூஃப் கேட்டதும் பேசாம திரும்பி வந்துடறாங்க, இதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு மனசே ஆறாது. ரிஜிஸ்டர் பண்ண அட்ரஸ் புரூஃபும் வேண்டாம், விசா பேப்பரும் வேண்டாம், அது என்ஹெச்எஸ் சைட்லயே எழுதியிருக்கு, அந்தப் பக்கத்தைப் போன்ல திறந்து காட்டுங்க. ஆன்லைன்லயே ரிஜிஸ்டர் பண்ணிட்டா அந்தப் பேச்சுக்கே இடமில்ல.

காசு வாங்கிட்டு நோட் தர்ற வெப்சைட்ல நிஜ டாக்டர் பேசி, பேரும் ரிஜிஸ்டர் நம்பரும் போட்டுத் தர்றதும் உண்டு, அது தப்பில்ல, ஆனா ஃப்ரீயா கிடைக்கிறதுக்கு ஏன் காசு? யாருமே பேசாம ரெண்டு நிமிஷத்துல பிடிஎஃப் அனுப்புறாங்கன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, போலி நோட்டுன்னு வேலைக்கு ஆபத்து வந்தா, அதோட ஒட்டிக்கிட்டிருக்கிற விசாவுக்கும் ஆபத்துதான்.

சம்பள விஷயம்: 2026 ஏப்ரல் 6லிருந்து சிக் பே முதல் நாள்லயே ஆரம்பிக்குது, முன்ன மாதிரி மூணு நாள் காத்திருக்க வேண்டாம். வாரத்துக்கு 123.25 பவுண்ட், இல்ல உங்க வாரச் சம்பளத்துல 80 சதவீதம், எது கம்மியோ அது. பார்ட் டைம் பாக்குற ஸ்டூடன்ட்ஸுக்கும் உண்டு.

ஸ்கில்டு வொர்க்கர் விசால இருக்கிறவங்க, வருஷத்துல 4 வாரத்துக்கு மேல சம்பளமில்லாம லீவ் போட்டா ஸ்பான்சர்ஷிப் போயிடும்னு பயந்து காய்ச்சலோட ஷிஃப்ட்டுக்குப் போறாங்க. அந்த 4 வாரக் கணக்குல சிக் லீவ் வராது. அதுக்குத்தான் ஃபிட் நோட் ஒவ்வொண்ணையும் பத்திரமா வெச்சிருங்கன்னு சொல்றேன், ஹெச்ஆருக்கு காப்பி மட்டும் போதும், ஒரிஜினல் உங்க கிட்டயே இருக்கட்டும். ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா, டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே வார்டுல கேட்டு நோட் வாங்கிடுங்க, ஜிபி கிட்ட போய் வாங்கிக்கோன்னு அனுப்பினாலும் நீங்களே தரலாமேன்னு இன்னொரு தடவை கேளுங்க.