புதுப்பிப்பு: சித்தப்பாவின் டிஸ்எபிலிட்டி பென்ஷன், 30 சதவீதம் 50 ஆகிவிட்டது
ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்ற சித்தப்பாவுக்கு மருத்துவக் குழு 30 சதவீத உடல் குறைபாடு போட்டது, ஆனால் ‘பணியால் வந்ததல்ல’ என்று எழுதியதால் டிஸ்எபிலிட்டி பென்ஷன், அதாவது பணியால் வந்த குறைபாட்டுக்குத் தரும் ஓய்வூதியம், ஒரு பைசாவும் வரவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் சாதகமான உத்தரவு வந்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி.

வழக்கைத் தூக்கி நிறுத்தியது உச்ச நீதிமன்றத்தின் 2013 தரம்வீர் சிங் தீர்ப்பு. படையில் சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு எதுவும் இல்லையென்றால், பின்னால் வந்தது பணியால் வந்ததாகவே கருத வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது. நியாயமான தீர்ப்பு. நல்ல உடம்போடு போனவரிடம் போய் ஆதாரம் கேட்பது கொடுமை.

அப்புறம் சதவீதக் கணக்கு. இவர் காலத்து விதிப்படி 100 சதவீதக் குறைபாட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அப்படியானால் 30க்கு 9 சதவீதம்தான். ஆனால் 50க்குக் கீழே இருந்தால் 50 என்றே எடுத்துக்கொள்ளும் சலுகை உண்டு. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்று ராம் அவ்தார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சித்தப்பாவுக்கு 15 சதவீதம்.

மருத்துவக் குழு 20 சதவீதத்துக்குக் கீழே போட்டிருந்தால் பாதை கடினம். 2023 செப்டம்பருக்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு விதிகளே வேறு, இதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

தாமதமாகப் போனால் பெரும்பாலும் மனு போட்டதற்கு முந்தைய 3 ஆண்டு நிலுவைதான் கிடைக்கும். அதனால் மருத்துவக் குழு அறிக்கையின் நகலை இப்போதே கேட்டு வாங்குங்கள்.