அவசரம்: ஏற்காட்டுல கொட்டகைக் கூரை பறந்துடுச்சு, கால்கரில இருந்துட்டு என்ன பண்றது?

நாகலூர் பையன்:
வணக்கம்ங்க. கால்கரிக்கு வந்து இன்னும் ஒரு மாசம் ஆகலை. ஊர்ல அம்மா மட்டும்தான். நேத்து சாயங்காலக் கோடை மழைக் காத்துல வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கொட்டகையோட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பாதி பறந்துடுச்சு, மீதி உடைஞ்சு கிடக்கு. ஒரு வெல்டர் வந்து பார்த்துட்டு, கலர் ஷீட் போட்டுத் தரேன், இன்னைக்கே அறுபது சதவீதம் அட்வான்ஸ் வேணும்ங்கறாராம். ஷீட் கனம் 0.35 மில்லி போதும்னு அவர் சொல்றார், பக்கத்து வீட்டுக்காரர் 0.50 போடச் சொல்றார். எதுங்க சரி? அம்மா போன் மேல போன் பண்றாங்க.

கால்கரி வடக்கு:
தம்பி, முதல்ல நீங்க இங்க காலூன்றுங்க. முதல் மூணு மாசம் கையிருப்பைத் தொடாம வச்சிருந்தாதான் தாக்குப்பிடிக்க முடியும். சின் நம்பர் (வேலைக்கு வேணுங்கற சமூகக் காப்பீட்டு எண்) வாங்கியாச்சா? ஆல்பர்ட்டா சுகாதார அட்டைக்கு மூணு மாசத்துக்குள்ள பதியணும். இந்திய லைசன்ஸ் வச்சு 90 நாள்தான் ஓட்டலாம். குளிர் ஜாக்கெட், பனி டயர், ரெண்டு மாச வாடகை, இதையெல்லாம் எடுத்து வச்சுட்டு அப்புறம் கூரையைப் பாருங்க. அதுவரைக்கும் தார்ப்பாய் போட்டுக் கட்டச் சொல்லுங்க.

மெல்பர்ன் அக்கா:
தார்ப்பாய்க்கும் முன்னாடி ஒண்ணு இருக்குப்பா. அந்த உடைஞ்ச ஷீட்டை அம்மா தொடவே கூடாது, வெளக்கமாறு போட்டுக் கூட்டவும் கூடாது. அது கல்நார். உடைஞ்ச ஓரத்துல இருந்து வர்ற தூசிதான் நுரையீரலுக்கு ஆபத்து. ஆஸ்திரேலியாவுல 2003 கடைசியிலயே முழுசா தடை பண்ணிட்டாங்க. தண்ணி தெளிச்சு நல்லா நனைச்சு, முழுசா இருக்கறதை முழுசாவே இறக்கணும். சுத்தியல்ல தட்டக் கூடாது, கிரைண்டர் வைக்கக் கூடாது. துணி மாஸ்க் போதாது, என்95-க்குக் குறையாம போடணும். துண்டுகளை ரெண்டு சுத்து தடிமனான பாலித்தீன்ல கட்டி ஓரமா வைங்க. காபித் தோட்டத்துல குழி நிரப்பவோ, பாதையில போட்டு மிதிக்கவோ விட்டுடாதீங்க, மலையில அது நிறைய நடக்குது.

அப்புறம், ஸ்க்ரூவை முகட்டுலதான், அதாவது ஷீட்டோட மேடான வரியிலதான் அடிக்கணும்னு வெல்டர்கிட்ட இப்பவே சொல்லிடுங்க.

எட்மண்டன் தச்சர்:
முகட்டுல அடிச்சா ஷீட் நசுங்கும், ஸ்க்ரூ ஆடும் அக்கா. இங்க கனடாவுல பள்ளத்துலதான் அடிக்கிறோம். ஷீட் கட்டையோட ஒட்டி உக்காரும், ரப்பர் வாஷர் தட்டையா அழுந்தும். ஒன்றரை அங்குல ஸ்க்ரூ போதும்.

மெல்பர்ன் அக்கா:
பள்ளத்துலதான் தண்ணி ஓடுது. பத்து வருஷத்துல வாஷர் காய்ஞ்சு வெடிச்சா ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரு ஓட்டை. ஏற்காட்டு மழைக்கு அது ஒத்து வராது.

எட்மண்டன் தச்சர்:
நல்ல வாஷரா இருந்தா அப்படி ஆகாதுங்க.

கால்கரி வடக்கு:
இதெல்லாம் யார் நின்னு பார்க்கறது? வெளிநாட்டுல மகன் இருக்கான்னு தெரிஞ்சாலே கூலி ஒண்ணரை மடங்கு. போட்டோ அனுப்புங்கன்னா நல்லா இருக்கற மூலையை மட்டும் எடுத்து அனுப்புவாங்க.

துபாய் ஆத்தூர்:
அதை ஏன் கேக்கறீங்க. ஆளே கிடைக்கறதில்லை. அடிவாரத்துல இருந்து ஆள் ஏறி வரவே தனிக் காசு. பணம் அனுப்பறப்போ பேங்க்காரங்க வேற ஒரு பக்கம் பிடிச்சுக்கறாங்க. தம்பி, உங்க பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வா, அதாவது வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கான ரூபாய்க் கணக்கா மாத்தியாச்சா? வெளிநாட்டுல வேலைக்குப் போயிட்டா அதைச் சாதாரணக் கணக்காவே வச்சிருக்கக் கூடாது. அம்மா செலவுக்குன்னா அவங்க கணக்குக்கே நேரா அனுப்பிடுங்க.

செவ்வாப்பேட்டை ஷீட்:
எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. கேள்வி இன்னும் அப்படியே நிக்குது. தம்பி, இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க: நீளம், அகலம் எவ்வளவு? ஒரு பக்கச் சரிவா, ரெண்டு பக்கமா? சுவர் செங்கல்லா, கம்பி நட்டதா? அடியில இரும்பா, மரமா? உள்ள என்ன வச்சிருக்கீங்க? காத்து எந்தப் பக்கம் அடிக்கும்?

நாகலூர் பையன்:
மன்னிக்கணும்ங்க, பதட்டத்துல விட்டுட்டேன். 18 அடி நீளம், 12 அடி அகலம், ஒரே சரிவு. ஒம்போது அங்குலச் செங்கல் சுவர். மேல பழைய சவுக்குக் கட்டை, பாதி செல்லரிச்சது. மேற்குப் பக்கம் திறந்த பள்ளத்தாக்கு, அங்கிருந்துதான் காத்து வருது. உள்ள காபி மூட்டையும் மிளகும் இருக்கு.

செவ்வாப்பேட்டை ஷீட்:
காபி மூட்டைன்னு முதல் வரியிலயே சொல்லியிருக்கணும்ங்க, அதனால கணக்கே மாறுது.

0.35-ஆ 0.50-ஆங்கறதைவிட உங்களுக்கு முக்கியமான கேள்வி, கூரை மேல எழும்பாம எது பிடிச்சு வைக்கப் போகுதுங்கறதுதான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒரு சதுர மீட்டருக்குப் பன்னிரண்டு பதிமூணு கிலோ இருக்கும். அதுவே பறந்திருக்கு. கலர் ஷீட் 0.50-லயே நாலரை கிலோ சுமார்தான். அதே கட்டை மேல, அதே பிடிப்புல போட்டா அடுத்த காத்துல முழுசா கிளம்பிடும். கட்டையை எடுத்துடுங்க. இரும்பு போட்டு, சுவரோட கட்டுங்க.

18 அடியில 6 அடிக்கு ஒண்ணா நாலு ராஃப்டர் (சரிவோட போற சட்டம்), 4-க்கு 2 அங்குலப் பாக்ஸ் பைப், 3 மில்லி. அதுக்குக் குறுக்கே அஞ்சு வரிசை பர்லின் (ஷீட்டைத் தாங்கற குறுக்குச் சட்டம்), 2-க்கு 2, 2 மில்லி, மூணு மூணு அடி இடைவெளி. ராஃப்டரோட ரெண்டு முனையும் சுவர்ல பிடிக்கணும். செங்கல்ல எக்ஸ்பான்ஷன் போல்ட் அடிச்சா செங்கல்லோடயே பெயர்ந்து வந்துடும். அந்த எட்டு இடத்துலயும் சுவரை ரெண்டரை அடி ஆழத்துக்குக் கொத்தி, 12 மில்லி கம்பியை அடியில வளைச்சு விட்டு, காங்கிரீட் போட்டு, மேல தகடு வச்சு வெல்டு பண்ணச் சொல்லுங்க. வெல்டர் முதல்ல வேண்டாம்னு சொல்ற வேலை இதுவாத்தான் இருக்கும். இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

சரிவு: 12 அடிக்கு ரெண்டு அடி இறக்கம். உயரமான பக்கம் மேற்கா இருக்கக் கூடாது. பழைய சுவர் அப்படி இருந்தா கல் ஏத்தி மாத்தறதுதான் நல்லது.

ஷீட் 0.50 வாங்குங்க, பூச்சோட சேர்த்து 0.50-ஆ, வெறும் இரும்பே 0.50-ஆன்னு பில்லுல எழுதி வாங்கிக்கங்க. ரெண்டும் வேற வேற. அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு உள்ளதா கேளுங்க, 55 சதவீதம் அலுமினியம் இருக்கும். உருக்காலை நம்ம சேலத்துலயே இருக்கே, அங்க வாங்கலாமான்னு சிலர் கேப்பாங்க. அங்க உருட்டறது ஸ்டெயின்லெஸ், கூரை கலர் ஷீட் இல்லை.

ஒரு ஷீட் மூடற அகலம் 1 மீட்டர். ரெண்டு ஓரமும் அரை அடி நீட்டினா 19 அடி, ஆறு ஷீட். நீளம் 13 அடி, ஒரே துண்டா வெட்டி வாங்குங்க, நடுவுல ஒட்டுப் போடாதீங்க. 13 அடி பிக்கப்புல ஏறிடும், இருபது கொண்டை ஊசி வளைவுலயும் திரும்பிடும். கயிறு கட்டற இடத்துல சாக்கு வைங்க, பெயிண்ட் உரியாம இருக்கும். இறக்கினதும் ஈரத்தோட ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா ரெண்டே நாள்ல வெள்ளைத் துரு பிடிக்கும். கட்டை மேல ஒரு பக்கம் சாய்வா வைங்க.

முகடா பள்ளமா சண்டைக்கு: எட்மண்டன் அண்ணன் சொல்றது மரத்து மேல போடற ஷீட்டுக்குப் பொருந்தும். உங்களுக்கு இரும்பு பர்லின், கனமழை. முகட்டுலயே போடுங்க, 55 மில்லி செல்ப் டிரில்லிங் ஸ்க்ரூ (தானே துளை போட்டு இறங்கறது), இபிடிஎம் ரப்பர் வாஷரோட. மேற்குப் பக்கம் திறந்திருக்கறதால எல்லா வரிசையிலயும் எல்லா முகட்டுலயும் ஒண்ணு. ஒரு வரிசைக்கு 25, அஞ்சு வரிசைக்கு 125, கெட்டுப்போறதுக்குச் சேர்த்து 150 வாங்குங்க. ஷீட்டும் ஷீட்டும் சேர்ற இடத்துல ஒன்றரை அடிக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ, ஒரு 75 எடுத்துக்கங்க. வாஷர் தொப்பி ஓரம் வரைக்கும் லேசா பிதுங்கினா போதும். அதுக்கு மேல முறுக்கினா முகடு நசுங்கும், அதைத்தான் அண்ணன் பயப்படறார், நியாயம்தான்.

காத்து வர்ற பக்கத்துக்கு எதிர் முனையில, அதாவது கிழக்குல, முதல் ஷீட்டை வைங்க. அப்பத்தான் அடுத்த ஷீட் மேல ஏறி, மடிப்பு காத்துக்கு முதுகைக் காட்டும். ஒரு ஓரம் 3, அடுத்த ஓரம் 4, குறுக்கே 5 அடி வருதான்னு அளந்து மூலைமட்டம் பார்த்துட்டுத்தான் முதல் ஸ்க்ரூ. முதல் ஷீட் அரை அங்குலம் கோணினா ஆறாவது ஷீட்ல மூணு அங்குலம் நிக்கும்.

எட்மண்டன் தச்சர்:
சரிங்க, இரும்பு பர்லின்னா முகட்டுலயே போடட்டும். இதையும் சேர்த்துக்கங்க: கிரைண்டர்ல ஷீட்டை வெட்டக் கூடாது, பொறி விழுந்த இடமெல்லாம் பூச்சு எரிஞ்சு துருப்பிடிக்கும். கத்திரியால வெட்டணும். ஸ்க்ரூ போட்ட தூளை அன்னைக்குச் சாயங்காலமே பிரஷ்ல தள்ளிடணும். ஷீட் ஏறின பிறகு மேல வெல்டிங்கே வேண்டாம்.

நாகலூர் பையன்:
காபிக்கு என்னமோ மாறும்னீங்களே?

செவ்வாப்பேட்டை ஷீட்:
மாறும்ங்க. பனிமூட்டத்துல ஷீட்டோட அடிப்பக்கம் வேர்த்து மூட்டை மேல சொட்டும். நல்லாக் காய்ஞ்ச காபியில ஈரம் 10-லருந்து 12 சதவீதம்தான். சொட்டு விழுந்தா பூஞ்சை, நெடி. பர்லினுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல அலுமினிய பபிள் ஷீட் (காத்துக் குமிழ் வச்ச விரிப்பு) இழுத்துப் போடச் சொல்லுங்க, ஓரம் ஆறு அங்குலம் மேலேறி டேப் ஒட்டணும். உயரப் பக்கச் சுவர்ல வலை வச்ச ரெண்டு காத்துத் துளையும் விடணும், இல்லைன்னா பபிள் ஷீட் போட்டும் புழுங்கும். மூட்டை தரையில படாம பலகை மேல, சுவர்ல இருந்து ஒரு அடி தள்ளி.

மேல் முனையில ஷீட்டோட பள்ளங்களை மேல்நோக்கி மடிச்சு விட்டு, அதுக்கு மேல பிளாஷிங் (இடுக்கை மூடற மடிச்ச தகடு) ஆறு அங்குலம் மூடணும். சில்வர் ஓக் இலை விழுமிடம்னா கூரைத் தண்ணி ஓடற கட்டர் (தகரக் கால்வாய்) வாயில வலை போடுங்க.

பணம்: அட்வான்சை வெல்டர் கையில கொடுக்காதீங்க. சேலத்துக் கடைக்கு நேரா பில்லுக்குக் கட்டுங்க. கூலியை மூணா பிரிங்க: கம்பி புதைச்சு காங்கிரீட் போட்டதைப் பார்த்ததும் ஒண்ணு, பர்லின் பெயிண்ட் ஆனதும் ஒண்ணு, முடிஞ்சு ஒரு மழை பார்த்த பிறகு ஒண்ணு. உங்களுக்கு ராத்திரி ஒம்போது மணின்னா இங்க காலை எட்டரை, ஆள் வேலையில இறங்கற நேரம். அப்போ வீடியோ போடச் சொன்னா கம்பி குழிக்குள்ள இருக்கறதைக் கண்ணால பார்த்துடலாம். மூடினப்புறம் போட்டோவால பிரயோஜனம் இல்லை.

பர்லினோட மேல் முகத்துக்கும் ரெட் ஆக்சைடு (துருத் தடுப்பு பெயிண்ட்) ரெண்டு கோட் ஷீட் ஏத்தறதுக்கு முன்னாடியே அடிக்கணும், அப்புறம் கை நுழையாது. காங்கிரீட் இறுக ஒரு வாரம் விடுங்க. அதுவரைக்கும் மூட்டைகளை வீட்டு வராந்தாவுக்கு மாத்த இன்னைக்கே ரெண்டு ஆள் பிடிச்சுக் கொடுங்க, அம்மா தூக்க வேண்டாம்.