டொயோட்டா புரோபாக்ஸ் கார் அடியில் ரோஸ் கலர் சொட்டு, எங்கே இருந்து வருகிறது?

ரங்கூன் புரோபாக்ஸ்:
2007 மாடல் புரோபாக்ஸ், 1.5 லிட்டர், ஆட்டோ கியர். இரண்டு வாரமாகக் காலையில் வண்டியை எடுத்தால் முன்பக்கம், டிரைவர் சீட் பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தெருவில் நிறுத்துகிற வண்டி, மழைக்காலம் வேறு, எது மழைத்தண்ணீர் எது வண்டித்தண்ணீர் என்றே பிடிபடவில்லை. கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர்) டப்பாவில் எஃப் கோட்டில் நின்றது இப்போது எல் கோட்டுக்கு இறங்கிவிட்டது. போன வாரம் பெகு வரை போய் வந்தேன், ஹீட் ஏறவில்லை. ஒர்க்‌ஷாப்பில் குனிந்துகூடப் பார்க்காமல் ரேடியேட்டரை மாற்று என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

ஏசி பைத்தியம்:
ஏசி தண்ணீராக இருக்கும் பாஸ், விடுங்கள்.

மோல்மேன் அண்ணன்:
ஏசி தண்ணீருக்கு ஏது ரோஸ் கலர்? அதனால் டப்பாவில் அளவும் குறையாது.

தம்பி, பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். ஆட்டோ கியர் ஆயிலும் சிவப்புதான், அதுவும் குளிர்வதற்கு ரேடியேட்டருக்குள்தான் போய் வருகிறது, அதனால் கலரை மட்டும் நம்ப முடியாது. ராத்திரி ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்து வையுங்கள் (மழை இல்லாத ராத்திரியாகப் பார்த்து!). காலையில் விழுந்த சொட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கூலண்ட் என்றால் கரைந்துபோகும், ஆயில் என்றால் மேலே மிதக்கும்.

அப்புறம் இன்ஜின் நன்றாக ஆறியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டு விழுகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்பதில்லை, ஓடும்போது காற்று பின்னுக்குத் தள்ளிவிடும், பெல்ட் பட்டால் நாலாபக்கமும் தெறிக்கும். ஈரம் எவ்வளவு உயரத்தில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள், அதுதான் கணக்கு. எல்லாமே நனைந்து கிடந்தால் கழுவிக் காயவைத்து, சந்தேகப்படுகிற இடத்தில் குழந்தைக்குப் போடுகிற பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள், ஓடிய தடம் தெரியும். பவுடர் இல்லையென்றால் வீட்டில் முகத்துக்குப் பூசுகிற தனக்கா பட்டைப் பொடி இல்லாமலா போகும் 😄

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம், கை வெந்துவிடும்.

ரங்கூன் புரோபாக்ஸ்:
அண்ணே, செய்துவிட்டேன். டம்ளரில் கரைந்துவிட்டது. ரேடியேட்டர் எலும்பு மாதிரி காய்ந்திருக்கிறது, ஹோஸ்களிலும் ஒன்றுமில்லை. ஆனால் டிரைவர் பக்கம் பெல்ட் ஓடுகிற இடத்தில், வாட்டர் பம்ப் புல்லிக்கு (பெல்ட் சுற்றுகிற சக்கரம்) கீழே, உப்புப் பூத்தது போல ரோஸ் கலர் பொருக்கு, ஓரத்தில் மட்டும் ஈரம். பெல்ட்டிலும் கோடு கோடாகத் தெறித்திருக்கிறது.

மோல்மேன் அண்ணன்:
வாட்டர் பம்ப்தான், கூலண்டைச் சுற்றவிடுகிற பம்ப். பம்புக்குள் ஒரு சீல் இருக்கிறது, அது தேய்ந்தால் தண்ணீர் பேரிங்கில் இறங்காமல் வெளியே வடியட்டும் என்றே ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள். காய்ந்த பொருக்கு அதில் வடிந்ததுதான். எம்-சீல் வைத்து அடைக்கச் சொன்னால் கேட்காதீர்கள், கசிவு உள்ளே போய் பேரிங்கைத் தின்னும். பெல்ட்டைக் கழற்றச் சொல்லிப் புல்லியைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் நாள் கடத்தாதீர்கள். பம்பும் கேஸ்கட்டும் புதிதாகப் போடுங்கள், நனைந்த பெல்ட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் ரோஸ் கூலண்டே ஊற்றச் சொல்லுங்கள்.

தட்டோன் பெண்:
அந்த அட்டையை வெளியே போட்டுவிடாதீர்கள் அண்ணா. கூலண்ட் இனிக்கும், தெருநாய் நக்கினால் செத்துப்போகும்.

ரங்கூன் புரோபாக்ஸ்:
அட்டையை எடுத்து வைத்துவிட்டேன் தங்கச்சி. சனிக்கிழமை பம்ப் மாற்றுகிறேன், பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்காரப்போகிறேன்.