ஹார்வர்டு விளையாட்டரங்கமும் 1906-ஆம் ஆண்டின் விதித் திருத்தமும்

நெய்தல்வாணன் (கேள்வி):
பாஸ்டனில் சார்லஸ் ஆற்றங்கரையை ஒட்டியுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழக விளையாட்டரங்கத்தைப் பற்றி ஒரு செய்தி அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆடுகளத்தை அகலப்படுத்த அதன் கான்கிரீட் படிகள் இடங்கொடுக்காததால்தான், அமெரிக்கக் கால்பந்தில் பந்தை முன்னோக்கி எறியும் ‘ஃபார்வர்டு பாஸ்’ அனுமதிக்கப்பட்டது என்கிறார்கள். ஒரு கட்டடம் ஒரு விளையாட்டின் போக்கையே மாற்றியிருக்க முடியுமா, அல்லது இது சுற்றுலா வழிகாட்டிகள் மெருகேற்றிய கதையா? அரங்கம் எழுந்த வரலாற்றையும் சேர்த்து விளக்கினால் நன்றாக இருக்கும்.

கட்டுமானப் பித்தன்:
அரங்கத்திலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த தம் நண்பர்களின் நினைவாக ஹென்றி லீ ஹிக்கின்சன் 1890-இல் ஹார்வர்டுக்கு அளித்த நிலம் அது. ‘சோல்ஜர்ஸ் ஃபீல்டு’ என்ற பெயரும் அதனால்தான். 1879-இல் பட்டம் பெற்ற ஹார்வர்டு வகுப்பினர் தங்கள் 25-ஆம் ஆண்டு நிறைவையொட்டி ஒரு லட்சம் டாலர் கொடுத்தனர். மொத்தச் செலவோ மூன்று லட்சத்தைத் தாண்டியது. அன்றைய கல்லூரி மைதானங்களில் பார்வையாளர்கள் உட்கார்ந்தது பெரும்பாலும் மரப்பலகை மேடைகளில். அவை தீப்பற்றும், உளுத்துப்போகும். வலுவூட்டிய கான்கிரீட்டை இவ்வளவு பெரிய அளவில் எவரும் நம்பத் துணியாத 1903-ஆம் ஆண்டில், அதுவும் நியூ இங்கிலாந்தின் பனிக்கும் உறைவுக்கும் நடுவே, ஹார்வர்டின் பொறியியல் பேராசிரியர்களான ஐரா ஹாலிஸ், லூயிஸ் ஜான்சன் ஆகியோர் அதையே தேர்ந்தெடுத்தனர் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த அரங்கத்தின் முதல் பெருமை. இருக்கைப் பலகைகளைத் தனியே வார்த்து எஃகுச் சட்டகத்தின்மேல் பொருத்தினார்கள். சில மாதங்களில் வேலை பெரும்பாலும் முடிந்தது. அந்த ஆண்டு நவம்பர் 14-இல் நடந்த முதல் ஆட்டத்தில் டார்ட்மவுத் கல்லூரி அணி 11–0 என்று வென்று, ஹார்வர்டின் திறப்பு விழாவைக் கசப்பாக்கிவிட்டது. உச்சியில் காணும் தூண்வரிசை 1910-இல்தான் சேர்ந்தது.

குதிரைலாட வடிவிலான அதன் 37 பகுதிகளிலும் இன்று பலர் உடற்பயிற்சிக்காக ஏறி இறங்குகிறார்கள். நடைபாதைப் படிகளில் ஏறாமல், முழங்கால் உயரத்துக்கு இருக்கும் இருக்கைப் படிகளிலேயே தாவி ஏறுவதுதான் அவர்களிடையே மரபு.

வளவன்:
இனி விதிக்கு வருவோம். 1905 பருவத்தில் இந்த விளையாட்டால் ஏறத்தாழ 18 பேர் இறந்ததாக அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. வீரர்கள் கைகோத்துத் திரளாக மோதும் உத்திதான் பெரும் குற்றவாளியாகக் கருதப்பட்டது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே கைவிட்டது. வீரர்களைப் பரவலாக ஓடவைத்தால் மோதல் குறையும் என்று கருதி, 160 அடி அகலக் களத்தை மேலும் 40 அடி விரிக்கும் யோசனை எழுந்தது. ஆட்ட விதிகளை வகுப்பதில் செல்வாக்குப் பெற்றிருந்த யேலின் வால்ட்டர் கேம்ப் அதற்கு ஆதரவாக இருந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. ஹார்வர்டில் படிகள் ஆடுகளத்தின் பக்கக் கோட்டுக்கு அருகிலேயே தொடங்குகின்றன. மரமேடையாக இருந்தால் ஒரு கோடை விடுமுறையில் பிரித்து நகர்த்தியிருக்கலாம், மூன்றாண்டுகூட ஆகாத கான்கிரீட்டை என்ன செய்வது? அந்த யோசனை கைவிடப்பட்டு 1906-இல் பாஸ் விதிக்குள் வந்தது.

தேன்மொழி:
வளவன் சொன்ன நிகழ்வுகளில் எனக்கு மாறுபாடில்லை. அரங்கத்தை முழுமுதற் காரணமாக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை. ஜான் ஹைஸ்மன் போன்ற பயிற்றுநர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே முன்னோக்கி எறிவதை அனுமதிக்கக் கோரிவந்தனர். ஹார்வர்டு பயிற்றுநர் பில் ரீடும், சீர்திருத்தம் வராவிட்டால் தம் பல்கலைக்கழகம் ஆட்டத்தைத் தடைசெய்துவிடும் என்ற நிலையைக் காட்டி விதிக்குழுவை நெருக்கினார். மேலும் அந்த ஆண்டு பாஸ் மட்டும் வரவில்லை: பந்தைத் தொடர்ந்து தம் வசம் வைத்திருக்க (‘ஃபர்ஸ்ட் டவுன்’) ஓர் அணி ஐந்து கஜம் முன்னேறினால் போதும் என்றிருந்தது பத்து கஜமாயிற்று, எதிரெதிரே நிற்கும் இரு அணிகளையும் பிரித்து வைக்கும் நடுநிலைப் பட்டையும் வந்தது. அகலப்படுத்தும் வழியை அரங்கம் அடைத்தது, மற்ற வழிகளை மனிதர்கள் திறந்தார்கள் என்று பிரித்துச் சொல்வதே பொருந்தும். பாஸுக்குக் கிடைத்த வரவேற்பும் அரைமனதானதுதான். எறிந்த பந்தை யாரும் பிடிக்காவிட்டால் தண்டனை உண்டு என்று வைத்ததால், பல அணிகள் அதைத் தொடவே தயங்கின.

நெய்தல்வாணன்:
இருவருக்கும் நன்றி. இன்னொரு சிறு ஐயம்: பார்வையாளர் எண்ணிக்கை 57,000 என்றும் 30,000 என்றும் முரணாகக் காண்கிறேன். எது சரி?

கட்டுமானப் பித்தன்:
இரண்டும் அந்தந்தக் காலத்துக்குச் சரி. லாடத்தின் திறந்த பக்கத்தை 1929-இல் எஃகு மேடைகளால் அடைத்ததால் கொள்ளளவு 57,166 ஆனது. 1951-இல் அவற்றை அகற்றிய பிறகு 30,000 அளவுக்கு இறங்கியது. 1968 நவம்பரில் ஹார்வர்டு கடைசி 42 வினாடிகளில் 16 புள்ளி எடுத்து யேலுடன் 29–29 என்று சமன்செய்த ஆட்டம், எஃகு மேடை போன பிறகு நடந்தது.