ஃப்ளோரிடா மினி சீசன்ல லாப்ஸ்டர் பிடிக்கப் போறோம், எவ்வளவு ரிஸ்க்?

ஜூலை கடைசில, வழக்கமான சீசனுக்கு முன்னாடி பொதுமக்கள லாப்ஸ்டர் பிடிக்க விடுற ரெண்டு நாள் மினி சீசனுக்கு நாலு பேரு கீஸ் தீவுகளுக்குப் போறோம். ஸ்கூபா லைசன்ஸ் இருக்கு, ஆனா கடைசியா டைவ் அடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. வீட்ல பயப்படுறாங்க, அவ்வளவு ஆபத்தா?

பதில் 1:
பயப்படுறதுல நியாயம் இருக்குங்க. அந்த ரெண்டு நாள்ல போட்டுங்க மொய்க்கும், ப்ரொப்பெல்லர்தான் எமன். கீழ ஆள் இருக்குன்னு காட்டுற, சிவப்புல வெள்ளைக் கோடு போட்ட டைவ் கொடி கட்டாயம், திறந்த கடல்ல கொடிக்கு 300 அடிக்குள்ளயே இருங்க. மேல வரும்போது நிமிர்ந்து பாத்து, காது குடுத்துக் கேட்டு, கையத் தூக்கிட்டு மெதுவா வாங்க. டேங்க்ல இருந்து மூச்சுக் காத்து குடுக்குற ரெகுலேட்டர முன்னாடியே சர்வீஸ் குடுத்துடுங்க.

பதில் 2:
போன தடவ நான் பண்ண தப்ப சொல்றேன், பாறை இடுக்குல லாப்ஸ்டரோட ரெண்டு மீசை ஆடுச்சு, குச்சியால தட்டித் தட்டி வெளிய வரவைக்கிறதுலயே குறியா இருந்தேன், காத்து அளவு காட்டுற கேஜ பாத்தா டேங்க்ல பாதிக்கும் கீழ, கூட வந்தவரையும் காணோம். நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிச்சு. ஒருத்தர் பிடிச்சா ஒருத்தர் காவல்னு முதல்லயே பேசிக்கோங்க. பொந்துக்குள்ள வெறுங்கைய விடாதீங்க, மோரே விலாங்கு இருக்கும்.

பதில் 3:
டேங்க் இல்லாம மூச்சடக்கி முங்குறவங்க இன்னும் கவனம், வேகவேகமா மூச்சு இழுத்துட்டுப் போனா தண்ணிக்குள்ளயே மயக்கம் வரும், முன்னாடி எதுவும் தெரியாது. மினி சீசன்ல கீஸ்ல தலைக்கு ஒரு நாளைக்கு 6 லாப்ஸ்டர்தான், ராத்திரி டைவிங்கும் கூடாது. வால் சேக்காம உடம்பு ஓடு மட்டும் 3 இன்ச்சுக்கு மேல இருக்கணும், தண்ணிக்குள்ளயே அளந்து பாத்துடுங்க. முட்டையோட இருந்தா விட்ருங்க.