பழைய டெஸ்க்டாப்புக்கு யுஎஸ்பி 3.0 கார்டு: தேவையா, தண்டமா?

வேம்பு:
வீட்டில் இருப்பது இன்டெலின் ஹெச்55 சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) உள்ள மதர்போர்டு. விண்டோஸ் 7, லினக்ஸ் இரண்டும் ஓடுகின்றன. உள்ள போர்ட்டெல்லாம் யுஎஸ்பி 2.0. புதிதாக வாங்கிய 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க்கில் கோப்புகளை ஏற்றினால் நொடிக்கு 34 எம்பிக்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. முழு டிஸ்க்கும் நிரம்ப எட்டு மணி நேரம் ஆகும். வேகமான யுஎஸ்பி 3.0 போர்ட் தரும் கார்டு ஒன்றைச் செருகலாமா?

இடிமுழக்கம்:
தண்டம். ஹெச்55 போர்டில் கார்டு செருகும் சின்ன ஸ்லாட்டுகளுக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 என்று பெயர் மட்டும்தான். சிப்செட்டிலிருந்து வரும் அந்த லேன்கள் (தரவு போகும் பாதைகள்) ஓடுவது முதல் தலைமுறை வேகத்தில்: லேனுக்கு நொடிக்கு 250 எம்பி, அதுவும் ஏட்டில். கையில் கிடைப்பது 200க்கு முன்னே பின்னே. கார்டின் பெட்டியில் 5 ஜிகாபிட் என்று போட்டிருப்பதில் பாதிகூட வராது.

கீற்று:
வராது, சரி. அவர் மாட்டப்போவது எதை? 2.5 அங்குல ஹார்டு டிஸ்க். அதன் வெளிவட்டத்திலேயே நொடிக்கு 100 முதல் 130 எம்பிதான். உள்வட்டத்துக்குப் போகப் போக அதில் பாதி. 200 எம்பி வழி இருந்தால் இந்த டிஸ்க்குக்கு எந்தத் தடையும் இல்லை. எட்டு மணி நேரம் மூன்று மணி நேரமாகும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேக டிஸ்க்) மாட்டுகிறேன் என்றால் நீங்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்வேன்.

இடிமுழக்கம்:
தினமும் 1 டிபியா ஏற்றப்போகிறார்? முதல் பேக்கப்பை ராத்திரி ஓடவிட்டுத் தூங்கட்டும். அப்புறம் மாறிய கோப்புகள் மட்டும்தானே போகும்? 10 ஜிபி என்றால் இப்போதைய போர்ட்டிலேயே ஐந்து நிமிடம். அதற்காக கேபினெட்டைத் திறந்து, கார்டு மாட்டி, விண்டோஸ் 7க்கு டிரைவர் தேடி... விண்டோஸ் 8 வந்த பிறகுதான் யுஎஸ்பி 3.0 டிரைவர் கூடவே வந்தது, மறக்க வேண்டாம்.

சுடர்:
இரண்டு பேருமே இ-சாட்டாவை, அதாவது வெளி டிஸ்க்கை யுஎஸ்பி இல்லாமல் நேரே இணைக்கும் வழியை, மறந்துவிட்டீர்கள். போர்டில் உள் டிஸ்க்குகளை மாட்டும் சாட்டா போர்ட்டுகளில் சும்மா கிடக்கும் ஒன்றிலிருந்து ஒரு பிராக்கெட் வயரைப் பின்பக்கம் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. நொடிக்கு 300 எம்பி வரை போகும். இடையில் யுஎஸ்பி மாற்றி எதுவும் இல்லாததால் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களும் (டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்ற பதிவு) நேராகத் தெரியும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கீற்று:
சுடர், இ-சாட்டா வயரில் மின்சாரம் வராது, டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். ஓடும்போதே கழற்றி மாட்ட, பயாஸில் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) சாட்டா போர்ட் ஏஹெச்சிஐ என்ற முறையில் இருக்க வேண்டும். பழைய ஐடிஇ முறையில் நிறுவிய விண்டோஸ் 7இல் எந்த முன்னேற்பாடும் இல்லாமல் அதை மாற்றினால் அடுத்த தடவை தொடங்கும்போது நீலத்திரைப் பிழைதான். இன்னொன்று, வெறும் பிராக்கெட் சிக்னலைக் கூட்டிக் கொடுக்காது. உள்வயருக்கு ஒரு மீட்டர்தான் கணக்கு, அதற்குள் அடங்க வேண்டும்.

சுடர்:
என்னுடையது 3.5 அங்குல டிஸ்க். அதற்கு யுஎஸ்பியில் மாட்டினாலும் அடாப்டர் வேண்டும், 12 வோல்ட்டை எந்த யுஎஸ்பி 3.0 போர்ட் கொடுக்கிறது? வேம்பு, உங்கள் டிஸ்க் பெட்டியில் இ-சாட்டா வாய் இருக்கிறதா?

வேம்பு:
இல்லை, யுஎஸ்பி மட்டும்தான். இடிமுழக்கம் சொன்ன கணக்கும் எனக்குச் சரிவராது. வீடியோ வேலை என்னுடையது. வாரத்துக்கு 100 ஜிபிக்குக் குறையாமல் புதுக்கோப்பு சேர்கிறது. இப்போது அதற்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகிறது. எப்படிப்பட்ட கார்டு வாங்க வேண்டும்?

கீற்று:
எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வயர் செருக இடமுள்ள கார்டாகப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தர வேண்டியது 900. தனி மின்சாரம் இல்லாத கார்டில் இரண்டு டிஸ்க்கை மாட்டினால் ஒன்று டிக் டிக் என்று முனகிவிட்டுக் காணாமல் போகலாம். கார்டின் சிப் ரெனசாஸ் நிறுவனத்துடையதோ ஏஎஸ்மீடியா நிறுவனத்துடையதோ, விண்டோஸ் 7 டிரைவர் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். லினக்ஸில் அந்தக் கவலை இல்லை, அதன் மையப்பகுதியான கெர்னலின் 2.6.31 பதிப்பிலேயே, அதாவது 2009லேயே, ஆதரவு வந்துவிட்டது.

மாட்டிய பிறகும் அதே 34 எம்பி காட்டினால் கார்டைத் திட்டாதீர்கள். பிளக்கின் முன்பக்கம் தெரியும் நான்கு தகடுகள் பழைய 2.0வுக்கானவை. 3.0வுக்கான ஐந்தும் உள்ளே தள்ளி இருக்கின்றன. மெதுவாகச் செருகினால் முன்தகடுகள் முதலில் தொட்டு, டிஸ்க் பழைய வேகத்திலேயே நின்றுவிடுவது உண்டு. கழற்றிவிட்டு ஒரே அழுத்தாகச் செருகுங்கள். வயரும் டிஸ்க்கோடு வந்த அகல வாய் வயராகவே இருக்கட்டும்.

இடிமுழக்கம்:
வாரம் 100 ஜிபி என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்து போடுங்கள். அந்தக் காலத்து பயாஸுக்குப் பொதுவாக இந்தக் கார்டு கண்ணுக்கே தெரியாது, அதனால் பூட் செய்யும் பென் டிரைவ் பழைய போர்ட்டிலேயே இருக்கட்டும். வயர்லெஸ் மவுஸ் ரிசீவரையும் கார்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். யுஎஸ்பி 3.0 இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுந்து மவுஸ் துள்ளும். இன்டெல்லே 2012இல் இதை எழுதி வெளியிட்டிருக்கிறது.

வேம்பு:
கேபினெட்டைத் திறந்து பார்த்தேன். சின்ன ஸ்லாட் ஒன்றே ஒன்று, அதன்மேல் கிராபிக்ஸ் கார்டின் விசிறி படுத்திருக்கிறது. கீழே ஒரு நீள ஸ்லாட் காலி. பக்கத்தில் பழைய பிசிஐ ஸ்லாட்டும் இருக்கிறது.

கீற்று:
நீள ஸ்லாட்டிலேயே போடுங்கள். சின்னக் கார்டு அதில் தாராளமாக உட்காரும், மீதி இடம் காலியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. பழைய பிசிஐக்கு யாராவது கார்டு காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே மொத்தமே நொடிக்கு 133 எம்பி, அதையும் மற்ற பிசிஐ கார்டுகளோடு பங்கு போட வேண்டும்.

இடிமுழக்கம்:
கார்டின் மின்வயரை அந்த விசிறிக்குள் போகாமல் கட்டிவிடுங்கள். வீடியோ ரெண்டர் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டின் சூட்டையும் ஒருமுறை பாருங்கள், அது ஏறினால் கீற்றிடம்தான் கேட்பேன்.