ஏரியில இடி விழுந்தா மீனுக்கு என்ன ஆகும், தண்ணியில நிக்கிற ஆளுக்கு என்ன ஆகும்? (அனுபவப் பகிர்வு)

மேல்மலைக்காரன்:

சித்திரை வைகாசியில கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் மத்தியானத்துக்கு மேல இருட்டிக்கிட்டு வர்றது வழக்கம்தான். அப்படி ஒரு நாள், எங்க ஊர் தடுப்பணையில சித்தப்பா மகன் இடுப்பளவு தண்ணியில நின்னு வலை இழுத்துக்கிட்டிருந்தான். மழை இன்னும் ஒரு சொட்டு விழல. எதிர்க்கரைப் பக்கம் தண்ணியிலயே இடி இறங்குச்சு. அவன் கத்தக்கூட இல்ல. அப்படியே மடங்கி முகம் தண்ணிக்குள்ள போயிடுச்சு. கரையில இருந்த நாங்க இறங்கி இழுத்துப் போட்டோம். ரெண்டு கால் விரலும் உள்பக்கமா மடங்கி விறைச்சிருந்துச்சு. எவ்வளவு தேய்ச்சும் விரிக்க முடியல. பேச்சு வர ரொம்ப நேரமாச்சு. காலும் மெதுவாத்தான் சரியாச்சு.

மறுநாள் போய்ப் பார்த்தா, இடி விழுந்த இடத்துக்கிட்ட மட்டும் கெண்டைக் குஞ்சுங்க கொஞ்சம் மல்லாந்து கிடந்துச்சு. மத்த மீனெல்லாம் வழக்கம்போலத் துள்ளிக்கிட்டிருக்கு. தண்ணிக்குள்ளயே வாழுற மீன் பொழைச்சிருக்கு, அவ்வளவு தள்ளி நின்ன மனுஷன் ஏன் விழுந்தான்? தெரிஞ்சவங்க சொல்லுங்க. உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

குந்தா டீச்சர்:

தம்பி, அவர் உயிரோட இருக்கார்னு படிச்ச பிறகுதான் எனக்கு நிம்மதி. நான் பள்ளிக்கூடத்துல இயற்பியல் நடத்துறேன்.

ஒரு மின்னல்ல சாதாரணமா 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் பாயும். தண்ணியில விழுந்ததும் அதுல பெரும்பகுதி அடியாழத்துக்குப் போகாம, மேல்மட்டத்துலயே நாலாபக்கமும் பரவும். மீன் பெரும்பாலும் ஆழத்துல இருக்கிறதால தப்பிச்சிடுது. மேல மேய்ஞ்சுக்கிட்டிருந்த குஞ்சுதான் மாட்டும். மனுஷன் நின்னாலும் நீந்தினாலும் உடம்பு அந்த மேல்மட்டத்துலதான் இருக்கு. போதாததுக்கு, வெட்டவெளியான ஏரியில அவர் தலைதான் உயரமா நீட்டிக்கிட்டிருக்கும். மின்னல் நேரா அதுலயே இறங்கவும் வாய்ப்பு இருக்கு.

இன்னொரு விஷயம். மலைத் தண்ணியில உப்பு குறைவு, அதனால மின்சாரத்தை அவ்வளவாக் கடத்தாது, பயமில்லன்னு பிள்ளைங்க சொல்லும். ஆபத்தே அதுலதான் இருக்கு. சரியாக் கடத்தாத தண்ணியில, ஒரு முழம் தள்ளினாலே மின்னழுத்தம் நிறைய மாறும். நம்ம உடம்புல உப்பு அதிகம். சுத்தியிருக்கிற தண்ணியைவிட உடம்பு வழியாப் போறது மின்சாரத்துக்குச் சுலபம். தசையெல்லாம் இழுத்துக்கும். நல்லா நீச்சல் தெரிஞ்சவரும் அந்த நொடியில கைகால் அசைக்க முடியாம மூழ்கிடுவார்.

மழை வரட்டும், அப்புறம் ஏறிக்கலாம்னு இருக்கிறது ரொம்பத் தப்பு. மின்னலைப் பார்த்ததுக்கும் இடி கேட்டதுக்கும் நடுவுல மூணு விநாடி ஆனா, அது ஒரு கிலோமீட்டர் தூரத்துல இருக்குன்னு அர்த்தம். ஆனா எண்ணிப் பார்த்துக்கிட்டு நிக்க வேண்டாம். இடி காதுல விழுந்தாலே நாம அதோட எட்டுற தூரத்துலதான் இருக்கோம். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகிற வரைக்கும் தண்ணிப் பக்கம் போகக் கூடாது. எமரால்டு ஏரி ஓரமா கருமேகத்துக்குக் கீழ கார்பன் தூண்டில் கம்பைத் தூக்கிப் பிடிச்சு நிக்கிற பசங்களைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்கும். கார்பன் மின்சாரத்தை நல்லாவே கடத்தும்ப்பா.

அவலாஞ்சி பெரியவர்:

மீன் பண்ணை வேலையில இருந்து ஓய்வு பெற்றவன். இடிமழை ராத்திரி முடிஞ்சு காலையில மீன் மிதந்தா, "இடி விழுந்து செத்துச்சு"ன்னுதான் ஊரே சொல்லும். நான் பார்த்ததுல முக்கால்வாசி மூச்சு முட்டிச் செத்தது. குளிர்ந்த மழைத்தண்ணி கனமா இருக்கும், அடியில இறங்கும். அங்க இலைதழை மக்கி, ஆக்சிஜன் இல்லாமக் கிடக்கிற தண்ணியைக் கலக்கி மேல கொண்டு வந்துடும். மீன் விடியற்காலம் மேல வந்து வாயைப் பிளந்து பிளந்து காத்துக்குத் தவிக்கும், தண்ணி வந்து விழுற இடத்துல போய் நெருக்கி நிக்கும். பெரிய மீன்தான் முதல்ல போகும்.

மின்னல்னா தவிப்பு கிடையாது. சட்டுனு சாகும், அதுவும் விழுந்த இடத்துல மட்டும். தம்பி பார்த்தது அதுதான்.

மீனைப் பொறுத்தும் மாறும். 1907-ல வில்சன் துரை அவலாஞ்சியில பொரிப்பகம் வெச்சு வளர்த்த ட்ரவுட் மீனுக்குக் குளிர்ச்சியும் ஆக்சிஜனும் நிறைய வேணும். கொஞ்சம் குறைஞ்சாலும் தாங்காது. 1939-ல இலங்கையில இருந்து நீலகிரிக்கு வந்த கண்ணாடிக் கெண்டை எவ்வளவோ தாங்கும். அதனால மீன் மிதந்தா எந்த மீன், எங்கெங்க மிதக்குதுன்னு முதல்ல பாருங்க.

பெரியகுளம் ஆம்புலன்ஸ்:

மின்னல் தாக்கின ஆளைத் தொட்டா நமக்கும் ஷாக் அடிக்கும்னு நாலு பேர் தள்ளி நின்னு பார்க்கிறதை நேர்லயே பார்த்திருக்கேன். மனசு ஆறல. அவங்க உடம்புல மின்சாரம் தங்காது, தாராளமாத் தொடலாம். மூச்சும் நாடியும் இல்லன்னா 108-க்குச் சொல்லிட்டு உடனே நெஞ்சை அழுத்துங்க, நிமிஷத்துக்கு 100-ல இருந்து 120 தடவை. பழக்கம் இருந்தா வாயோட வாய் வெச்சு மூச்சும் குடுங்க. இதயம் திரும்பத் துடிச்சாலும் மூச்சு வரத் தாமதமாகும்.

கொடைக்கானல் மலையடிவாரத்துல இருக்கிற கும்பக்கரை அருவியில குளிக்கிறவங்களுக்கும் சொல்றேன்: கொடைக்கானல் பக்கம் இடி கேட்டா, நம்ம தலைக்கு மேல வெயில் அடிச்சாலும் ஏறிடுங்க. மேல பெய்யற மழை கீழ வெள்ளமா வந்து சேரும்.

மேல்மலைக்காரரே, தம்பிக்கு இசிஜி எடுத்தீங்களா? காதுல ஜவ்வு கிழிஞ்சிருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

மேல்மலைக்காரன்:

இல்லண்ணே. இடது காது இன்னும் இரையுதுன்னு சொல்றான். நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்குக் கூட்டிட்டுக் கிளம்புறேன். டீச்சர் சொன்னதை ஊர்ல வலை போடுற எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன்.